100 டன் டம்பர் டயரைச் சாதாரண ட்ரெய்லரில் ஏற்றி அனுப்பலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் 8 புது 27.00 ஆர் 49 டயர்கள் (100 டன் சுமக்கும் சுரங்க லாரியான டம்பரின் டயர் அளவு) தெலங்கானாவின் ராமகுண்டம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். ஒரு டயர் ஒன்றே முக்கால் டன்னுக்குக் கிட்ட, எட்டும் சேர்ந்தால் 14 டன்தான். பிறகு ஏன் எல்லோரும் செமி லோபெட்தான், அதாவது தளம் கொஞ்சம் தாழ்ந்த ட்ரெய்லர்தான் வேண்டும் என்கிறார்கள்?

துறைமுகச் சரக்குக்கு ட்ரெய்லர் பிடித்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தச் சரக்குக்கு எடையைப் பார்த்து வண்டி பிடிக்கவே கூடாது. உயரம், அகலம், அப்புறம் அதன் உருண்டை வடிவம், இந்த மூன்றும்தான் வண்டியை முடிவு செய்கின்றன.

அந்த டயரின் விட்டம் சுமார் 2.7 மீட்டர். கன்டெய்னரின் உள் அகலமே 2.35 மீட்டர்தான் என்பதால் அது கப்பலில் வரும்போதே பக்கச் சுவரும் கூரையும் இல்லாத ஃபிளாட் ராக்கிலோ திறந்த கூரைக் கன்டெய்னரிலோதான் வரும். சாலையிலும் இதே சிக்கல் தொடர்கிறது. நம் மோட்டார் வாகன விதிப்படி வண்டியின் அகல வரம்பு 2.6 மீட்டர். டயரைப் படுக்கவைத்தால் 10 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த 10 சென்டிமீட்டருக்காக உங்கள் சரக்கு ஓ.டி.சி. (அளவு மீறிய சரக்கு) ஆகிவிடும்: தனி அனுமதி, சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு எல்லாம் தேவைப்படும். போதாததற்கு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ள டயர் நசுங்கும்.

ஆகவே நிறுத்திவைத்துத்தான் ஏற்ற வேண்டும். சாதாரண ட்ரெய்லரின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம். அதன் மேல் 2.7 மீட்டர் நின்றால் 4.2 ஆகிறது. செமி லோபெட்டில் 3.9 அளவில் அடங்கிவிடும். ஊருக்குள் தாழத் தொங்கும் கம்பிகள், மரக்கிளைகள், ரயில்வே சுரங்கப்பாதைகள், மின்மயமான பாதையின் கேட்டில் வைத்திருக்கும் உயரத் தடுப்பு, இவற்றை நினைத்தால் அந்த ஒரு அடி பெரிய விஷயம். ஆனால் என்னைக் கேட்டால், பாரத்தின் மையம் கீழே இறங்குவதுதான் அதைவிட முக்கியம்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். 2.7 மீட்டர் உயரமுள்ள இந்த டயரின் அகலம் 0.74 மீட்டர்தான். அகலத்தை உயரத்தால் வகுத்தால் 0.27. அதாவது டயரின் எடையில் 27 சதவீத விசை பக்கவாட்டில் வந்தாலே அது சாயத் தொடங்கும். சரக்கைக் கட்டுவதற்கான சர்வதேச வழிகாட்டுதல்கள் சாலைப் பயணத்துக்குப் பக்கவாட்டில் 50 சதவீதமும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் 80 சதவீதமும் தாங்க வேண்டும் என்கின்றன. தனியாக நிற்கும் டயர் நிமிர்த்தி வைத்த நாணயம் மாதிரி, ஒரு ரவுண்டானாவில் வேகமாகத் திரும்பினால் போதும். இரண்டு டயர்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி இறுகக் கட்டினால் அகலம் 1.48 ஆகி விகிதம் 0.55-க்குப் போகிறது. டயரின் ஓரம் வளைந்திருப்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய பிறகும் பக்கவாட்டு பெல்ட் கட்டாயம் வேண்டும். நான்கு ஜோடிகள் நீளவாக்கில் 10.8 மீட்டர் பிடிக்கும். 12 மீட்டர் தளம் என்றால் முட்டுக்கட்டை போடவும் இடம் மிஞ்சும்.

இப்படி நிறுத்தும்போது டயர் உருளும் திசை வண்டி போகும் திசையாகவே இருக்கும். வேறு வழியில்லை, குறுக்கே திருப்பினால் மறுபடியும் 2.7 மீட்டர் அகலம் வந்துவிடும். எனவே ஒவ்வொரு டயருக்கும் முன்னும் பின்னும் கனமான மரக்கட்டையைத் தளத்தோடு சேர்த்து அடித்துவிடுங்கள். சும்மா செருகி வைத்த கட்டை குலுங்கலில் நகர்ந்துவிடும். ரப்பர் அழுந்திக் கொடுக்கும் பொருள் என்பதால், புறப்படும்போது இறுக்கமாக இருந்த பெல்ட் கொஞ்ச தூரத்திலேயே தளரும். முதல் 50 கிலோமீட்டருக்குள் ஒரு முறை நிறுத்தி ரேச்செட்டை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். நல்ல டிரைவர் சொல்லாமலே செய்வார், இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

இனி, பணம் நஷ்டமாகும் இடம். டயர் ரிம்மோடு ஒட்டும் உள்விளிம்பைப் பீடு என்பார்கள். அதற்குள் எஃகுக் கம்பிக் கற்றை இருக்கிறது. டியூப் இல்லாத டயர் காற்றைப் பிடித்து வைத்திருப்பதே அந்த விளிம்பால்தான். ஹைட்ரா கிரேன் ஆட்கள் அவசரத்தில் வெறும் சங்கிலியையோ ஒயர் ரோப்பையோ நடு ஓட்டைக்குள் விட்டுத் தூக்குவார்கள். ஒன்றே முக்கால் டன் எடையும் அந்த மெல்லிய கோட்டில் இறங்கி, பீடு வெட்டுப்படும் அல்லது கம்பி மடங்கும். அப்படித் தூக்கப்பட்ட ஒரு புத்தம்புது டயரைச் சுரங்கத்தில் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். பல லட்சம் ரூபாய்ச் சரக்கு அது. அகலமான தட்டை பெல்ட்டால் மட்டும் தூக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் என்றால் இரண்டு கரங்களையும் அகட்டி, டயரின் ஓடுதளத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும், ஓட்டைக்குள் குத்தவே கூடாது. வண்டியில் கட்டும் பெல்ட் பீடைத் தொட்டால் இடையில் உறை போடுங்கள். மழை, வெயிலுக்குத் தார்ப்பாய் போதும்.

இதே சுரங்கத்துக்கு நாளை இன்னும் பெரிய வண்டி வந்தால் கணக்கு மாறிவிடும். சத்தீஸ்கரின் கெவ்ரா சுரங்கத்தில் ஓடும் 240 டன் வகை டம்பர்களுக்கு 40.00 ஆர் 57 அளவு டயர். விட்டம் 3.6 மீட்டர், எடை நாலு டன்னுக்குக் கிட்ட. இதை இன்னும் தாழ்ந்த லோபெட்டிலேயே நிறுத்தினாலும் நாலரை மீட்டரைத் தாண்டும், படுக்கவைத்தால் அகலம் ஒரு மீட்டர் கூடுதல். எப்படி ஏற்றினாலும் ஓ.டி.சி.தான். அப்போது இ-வே பில்லிலும் (சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) ஓ.டி.சி. என்று குறிப்பிட மறக்காதீர்கள். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி, ஓ.டி.சி.க்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 700 கிலோமீட்டர் என்றால் முன்னதில் 4 நாள், பின்னதில் 35 நாள். பகலில் மட்டும் மெதுவாகப் போகும் வண்டிக்கு 4 நாள் போதாது, வழியில் பில் காலாவதியானால் அபராதம்.

திரும்பும் வண்டியில் பழைய டயர்களை ரீட்ரெடிங்குக்கு (தேய்ந்த ஓடுதளத்தைப் புதுப்பிக்க) ஏற்றினால், உள்ளே தேங்கிய தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் வகைக் கொசுவுக்கு அது தொட்டில். ஆசியப் புலிக்கொசு 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் வேரூன்றியதற்கே ஆசியாவிலிருந்து போன பழைய டயர்களைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். ரிம்மோடு ஏற்றுவதாக இருந்தால் காற்றை முழுவதும் இறக்கிய பிறகுதான் டம்பரிலிருந்து கழற்ற வேண்டும். டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் லாக் ரிங் தெறித்தால் எதிரில் நிற்பவர் பிழைக்க மாட்டார்.

சுரங்கத்தில் டயரைப் பிடித்துத் தூக்கும் டயர் ஹேண்ட்லர் வண்டி எந்த நேரத்தில் கிடைக்கும் என்று புறப்படும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒவ்வொரு டயரின் இரண்டு பக்கப் பீடையும் வரிசை எண் தெரியும்படி படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள்.