புது நாட்டுக்குப் போட்டிச் சட்டம் இப்பவே எதுக்கு? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் சட்டம் படிக்கிறேன். சமீபத்துல சுதந்திரம் வாங்கின, இல்லன்னா சமீபத்துலதான் ஜனநாயகத்துக்கு வந்த நாடுகள்ல போட்டிச் சட்டம், அதாவது கம்பெனிகள் கூட்டு சேர்ந்து விலை வைக்கறதையும் ஒரே கம்பெனி மார்க்கெட்டைப் பிடிச்சு வெச்சு ஆட்டம் போடறதையும் தடுக்கற சட்டம், எப்படி உருவாகுதுன்னு ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன். எங்க ப்ரொபசர், "விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் கம்பெனி இருக்கு, அங்க மோனோபொலிய தடுக்கறேன்னு சட்டம் எதுக்கு, முதல்ல தொழில் வளரட்டும், அப்புறம் ஐரோப்பால இருக்கற சட்டத்தையே எடுத்துப் போட்டுக்கலாம்"னு சொல்றார். எனக்கு அது சரியாப் படல, ஆனா பதில் சொல்லவும் தெரியல. நீங்க என்ன நினைக்கிறீங்க?

அன்புள்ள நண்பருக்கு,

உங்க ப்ரொபசர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. ஒரு சின்ன மார்க்கெட்ல ஒரே ஒரு சிமெண்ட் ஃபேக்டரிதான் லாபமா ஓட முடியும்னா அதை ரெண்டா உடைச்சு எந்தப் பிரயோஜனமும் இல்ல, ரெண்டும் படுத்துடும். பெரிய நாட்டுக்கு எழுதின அளவுகோல அப்படியே கொண்டுவந்து வெச்சா சின்ன நாட்டுல பாதி கம்பெனி குத்தவாளி ஆயிடும். அது வரைக்கும் சரி.

ஆனா கம்பெனி கம்மியா இருக்கற நாட்டுலதான் இந்தச் சட்டம் அவசரமா தேவைப்படுது. நாப்பது பேர் ஒண்ணு கூடி விலை பேசறது கஷ்டம், யாராவது ஒருத்தர் பிச்சுக்கிட்டு போயிடுவார், நாலு பேர்னா ஒரு மத்தியான சாப்பாட்டுல பேசி முடிச்சுடலாம். அதோட ஆட்சி மாறுறதுக்கு முன்னாடி லைசென்ஸும் குடோனும் துறைமுகமும் யார் கையில இருந்துச்சோ பெரும்பாலும் அவங்க கையிலதான் அப்புறமும் இருக்கும், கொடி மாறினதால மாவு மில்லோட ஓனர் மாறறதில்ல. தொழில் வளரட்டும்னு காத்திருந்தா அவங்கதான் வளருவாங்க, புதுசா வர்றவனுக்கு உள்ள நுழையவே வழி இருக்காது.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்க, உங்க கட்டுரைக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. அங்க 1979-லயே ஒரு போட்டிச் சட்டம் இருந்துச்சு, ஒரு போர்டும் இருந்துச்சு, ஆனா அந்த போர்டு அமைச்சருக்கு யோசனைதான் சொல்ல முடியும், முடிவு அவர் கையில. 1994-ல எல்லாருக்கும் ஓட்டு வந்து ஆட்சி மாறின பிறகு 1998-ல புதுச் சட்டம் கொண்டுவந்தாங்க. அதோட முகவுரையிலேயே நிறவெறிச் சட்டங்களாலதான் சொத்தும் அதிகாரமும் சிலபேர் கையில குவிஞ்சு கிடக்குன்னு நேரடியா எழுதினாங்க, இந்த வரி ஐரோப்பாலேர்ந்து எடுத்துப் போட்டா கிடைக்குமா? ரெண்டு கம்பெனி இணையறப்போ போட்டி குறையுதான்னு பார்க்கறதோட நிக்காம வேலைவாய்ப்பு என்ன ஆகும், சின்ன தொழில்கள் என்ன ஆகும்னும் பார்க்கணும்னு சட்டத்துலயே வெச்சாங்க. விசாரிக்கறது ஒரு கமிஷன், தீர்ப்பு சொல்றது தனி ட்ரிப்யூனல், அப்பீலுக்கு தனி கோர்ட்.

ஆனா இதெல்லாம் பேப்பர்ல இருக்கற விஷயம். அந்தச் சட்டத்துக்கு ஜனங்ககிட்ட உயிர் வந்ததுல ரொட்டி கேஸுக்குப் பெரிய பங்கு உண்டுன்னு நான் நினைக்கிறேன். 2006 டிசம்பர்ல வெஸ்டர்ன் கேப் மாகாணத்துல பெரிய ரொட்டிக் கம்பெனிகள் ஒரே நேரத்துல விலையை ஏத்தினாங்க, ரொட்டியை வாங்கி விக்கற சின்ன விநியோகஸ்தர்களுக்குக் கொடுத்துட்டிருந்த தள்ளுபடியையும் சேர்ந்தே குறைச்சாங்க, அந்த விநியோகஸ்தர்கள் நேரா கமிஷன்ல போய் புகார் கொடுத்தாங்க. விசாரணை சூடுபிடிச்சதும் பிரீமியர் ஃபுட்ஸ் தானா முன்வந்து சிண்டிகேட் போட்டதை, அதாவது மத்த கம்பெனிகளோட ரகசியமா கூட்டு சேர்ந்ததை, ஒத்துக்கிட்டு மன்னிப்பு சலுகை வாங்கிக்கிச்சு. டைகர் பிராண்ட்ஸ் 2007-ல 9.88 கோடி ராண்ட் (தென்னாப்பிரிக்கப் பணம்) கட்டி செட்டில் பண்ணுச்சு. பயனீர் ஃபுட்ஸ் கடைசி வரைக்கும் எதிர்த்து நின்னதால 2010 பிப்ரவரியில ட்ரிப்யூனல் 19 கோடி ராண்டுக்கு மேல அபராதம் போட்டுச்சு. அதே வருஷக் கடைசியில மாவு மில் உட்பட மீதி விசாரணைகளை முடிக்க அந்தக் கம்பெனி 50 கோடி ராண்டுக்கு ஒத்துக்கிச்சு, அதுல 25 கோடி உணவுத் தொழில்ல புதுசா வர்றவங்களுக்கு உதவற நிதிக்குப் போச்சு. தினமும் ரொட்டி வாங்கறவங்களுக்கு போட்டிச் சட்டம்னா என்னன்னு வேற யாரும் விளக்க வேண்டியதே இல்ல.

அதனால புது நாட்டுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், முதல் கேஸை சாப்பாட்டுச் சாமான்ல எடுங்க, இல்லன்னா அரசு டெண்டர்ல எடுங்க. மெர்ஜரை, அதாவது கம்பெனிகள் இணையறதை, அப்புறம் பார்க்கலாம். ஆரம்பத்துல ஆபீஸ்ல பத்து இருபது பேர்தான் இருப்பாங்க, எல்லா இணைப்புக்கும் அனுமதி வாங்கணும்னு தாழ்வா வரம்பு வெச்சா அந்தப் பத்துப் பேரும் ஃபைல் புரட்டியே ஓய்ஞ்சு போவாங்க, சிண்டிகேட்காரன் நிம்மதியா இருப்பான். இந்தியாவுல 2002-ல சட்டம் வந்துச்சு, ஆனா கமிஷனோட தலைவர் நீதிபதியா இருக்கணுமா நிபுணரா இருக்கணுமான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கேஸ் போய் 2007-ல சட்டத்தைத் திருத்தி, 2009 மே மாசம்தான் சிண்டிகேட் மேலயும் ஆதிக்கத்தைத் தப்பா பயன்படுத்தறவங்க மேலயும் நடவடிக்கை எடுக்க முடிஞ்சுது, மெர்ஜர் பிரிவு 2011 ஜூன்ல. அந்தத் தாமதம் நல்லதில்ல, ஆனா அந்த வரிசை சரிதான். எல்லை தாண்டின மெர்ஜருக்கு பக்கத்து நாடுகளோட சேர்ந்துக்கலாம், கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளோட கொமேசா அமைப்பு மலாவி நாட்டு லிலோங்வேல இருந்து 2013-லேர்ந்து அதைச் செய்யுது.

தானா ஒத்துக்கிட்டா மன்னிப்புங்கற விதியையும் முதல் நாளே பெருசா நம்பாதீங்க. மாட்டிப்போம்ங்கற பயம் இருந்தாத்தான் ஒருத்தன் வந்து ஒத்துப்பான், அந்தப் பயத்தை உண்டாக்க திடீர் சோதனை போடற அதிகாரமும் அதுக்குப் போற தைரியமும் வேணும்.

டெண்டரை ஏன் சொன்னேன்னா அங்க ஏமாறுறது அரசாங்கம், அதாவது வரி கட்டற எல்லாரும். 2013-ல தென்னாப்பிரிக்காவுல 15 கட்டுமானக் கம்பெனிகள் டெண்டர்ல கூட்டு வெச்சதுக்காக மொத்தம் 146 கோடி ராண்ட் கட்ட ஒத்துக்கிச்சு, அதுல 2010 உலகக்கோப்பை ஸ்டேடியம் வேலைகளும் உண்டு. நாடே பெருமைப்பட்ட கட்டடங்கள் அது, எனக்கு இன்னிக்கும் அதைப் படிச்சா கோபம் வரும்.

இன்னொண்ணு, அரசு நிறுவனங்களுக்கு விலக்கு கொடுக்கற சட்டத்தை ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க. புது நாடுகள்ல பெரிய மோனோபொலி பல நேரம் அரசோடதுதான், துறைமுகம், மின்சாரம், தானிய கொள்முதல், இல்லன்னா அமைச்சருக்கு வேண்டியவருக்கு மட்டும் கிடைக்கற இறக்குமதி லைசென்ஸ். அதை விட்டுட்டு தனியார் மேல மட்டும் பாயற கமிஷனை யாரும் மதிக்க மாட்டாங்க. உங்க கட்டுரையில இந்தப் பகுதியை நீட்டி எழுதுங்க, முடிஞ்சதும் எனக்கு அனுப்புங்க, உங்க ப்ரொபசர் மறுப்பு எழுதினா அதையும் சேர்த்து அனுப்புங்க, ரெண்டையும் இங்க போடறேன்.