பெட்டி நிறையச் சீட்டு... முதலில் எதைச் செய்வது?

பணியிடப் பசுமை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று அலுவலகத்தில் ஒரு யோசனைப் பெட்டி வைத்தோம். 300 பேரிடமிருந்து 140 சீட்டு வந்திருக்கிறது. 'எல்லாரையும் ஓட்டுப் போடச் சொல்லி முதல் ஐந்தைச் செய்துவிடலாம்' என்கிறார் மேலாளர். சரிதானா?
– மனிதவள அலுவலர், கிண்டி

பதில்: வேண்டாம். ஓட்டு, கண்ணில் படுகிற விஷயத்துக்குத்தான் விழும். பூந்தொட்டி ஜெயித்துவிடும், ஏ.சி. டெபாசிட் இழக்கும்.

முதல் வேலை கழிப்பது. சீட்டுகளை மேஜையில் பரப்பி, பழுதுகளைத் தனியே எடுங்கள். '3-ம் மாடிக் கழிவறைக் குழாய் ஒழுகுகிறது' என்பது யோசனை இல்லை, புகார்; அன்றைக்கே பிளம்பரிடம் போகவேண்டும். அடுத்து, சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டவை. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. குப்பையைத் தரம் பிரிப்பதும், பழைய கணினிகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதும் கட்டாயம்தான். இவற்றை ஓட்டுக்கு விட்டுத் தோற்றுப்போனால் என்ன செய்வீர்கள்?

மிஞ்சியதில் பல சீட்டுகள் 'மின்சாரத்தைச் சேமிப்போம்' ரகமாக இருக்கும். எழுதியவரைக் கூப்பிட்டு எந்த இடம், எந்த நேரம் என்று கேளுங்கள். '4-ம் மாடிக் கூட்ட அறை ஏ.சி. மாலை 6.30-க்கு மேல் ஆளில்லாமல் ஓடுகிறது' என்று மாறினால்தான் கணக்குப் போட முடியும். பெயரில்லாத சீட்டில் மனம்விட்டு எழுதுவார்கள், உண்மைதான். ஆனால் விவரம் கேட்க ஆளிருக்காது. அடுத்த முறை பெயரும் மாடியும் எழுதச் சொல்லுங்கள்.

பிறகு ஒவ்வொரு யோசனைக்கும் நான்கு கட்டம்: மாதம் எத்தனை யூனிட் அல்லது லிட்டர் மிச்சம், எவ்வளவு செலவு, எத்தனை நாள், யார் கையெழுத்து. 'ஊழியர் உற்சாகம் 7, நிறுவன மதிப்பு 8' என்று பத்துக் கட்டத்தில் மதிப்பெண் போடும் அட்டவணைகள் உண்டு. அந்த எண்கள் எல்லாம் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னவை. விட்டுவிடுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏ.சி. 20, மணிக்கு 1.2 யூனிட் வீதம் தினம் 10 மணி நேரம், 25 நாள் ஓடினால் 6,000 யூனிட். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். 22-லிருந்து 24-க்கு மாற்றினால் 720 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று கொண்டால் மாதம் 7,200 ரூபாய், செலவு பூஜ்யம். பழைய 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட) விசிறி மாட்டினால், அதே நேரக் கணக்கில் விசிறிக்கு 11 யூனிட்தான் மிச்சம். 3,000 ரூபாய் விசிறி, போட்ட காசை எடுக்க இரண்டேகால் வருஷம் ஆகும். எனவே விசிறி எரிந்துபோகும்போது மாற்றினால் போதும்.

ஏ.சி. விஷயத்தில் ஒரு சிக்கல். மேற்குப் பக்கக் கண்ணாடி ஓரம் உட்கார்ந்திருப்பவர் ஒரே வாரத்தில் ரிமோட்டை எடுத்து 20 ஆக்கிவிடுவார். முதலில் அவருக்குத் திரைச்சீலையும் ஒரு விசிறியும் போட்டுக் கொடுத்துவிட்டு 24-ஐத் தொடுங்கள்.

வரிசையைத் தீர்மானிப்பது கையெழுத்துக் கட்டம்தான். உங்கள் மாடியிலேயே முடிவெடுக்கக் கூடியவை, கட்டட உரிமையாளர் சம்மதம் வேண்டியவை, தலைமையகம் பணம் ஒதுக்க வேண்டியவை என மூன்று கட்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் மிச்சமாகும் அளவைப் பார்த்து அடுக்குங்கள். முதல் மாதம் முதல் கட்டிலிருந்து மூன்றே மூன்று. பத்தைத் தொடங்கினால் பத்தும் பராமரிப்புப் பிரிவின் அதே ஓரிருவர் தலையில் விழுந்து, எல்லாமே பாதியில் நிற்கும்.

கேள்வி: எங்கள் பட்டறையில் தொழிலாளர்கள் சஜஷன் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். 'எழுதி என்ன ஆகப்போகுது' என்கிறார்கள். பரிசுத்தொகையைக் கூட்டலாமா?
– மேற்பார்வையாளர், அம்பத்தூர் தொழிற்பேட்டை

பதில்: காசு பிரச்சினை இல்லை, பதில் வராததுதான் பிரச்சினை. உங்கள் வட்டாரத்துக்கு சஜஷன் புதிதுமல்ல. பக்கத்தில் பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-லேயே, தர மேலாண்மைக்கு ஜப்பானில் தரும் டெமிங் விருதை வாங்கியது. சீட்டு போட்டால் 7 நாளில் 'பார்த்தோம்', 30 நாளில் 'செய்கிறோம்' அல்லது 'இன்ன காரணத்தால் முடியாது' என்று பலகையில் எழுதிப் போடுங்கள். காரணத்தோடு வரும் 'முடியாது'வை ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள். மிச்சமான தொகையில் இத்தனை சதவீதம் பரிசு என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள். 'நான்தான் முதலில் சொன்னேன்' என்ற சண்டையை மாதாமாதம் தீர்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

நம்பிக்கையைத் திருப்பிக் கொண்டுவர, அளந்து காட்டக்கூடிய ஒன்றில் தொடங்குங்கள். கம்ப்ரஸர் (காற்றை அழுத்தி இயந்திரங்களுக்கு அனுப்பும் கருவி) குழாய்களில் வரும் காற்றுக் கசிவு அதற்கு ஏற்றது. 'உஸ்ஸ்னு சத்தம் வருது' என்று யாராவது நிச்சயம் எழுதியிருப்பார். 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட் தின்னும். இரண்டு ஷிப்டுக்கு 16 மணி நேரம், 25 நாள் என்றால் 1,200 யூனிட்.

விடுமுறை நாளில் இயந்திரங்களையெல்லாம் நிறுத்திவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் ஓட்டுங்கள். லோடில் (காற்றை அழுத்திக்கொண்டு) ஓடும் நேரத்தையும் அன்லோடில் (அழுத்தாமல் சும்மா) இருக்கும் நேரத்தையும் ஐந்தாறு சுற்றுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கசிவுச் சதவீதம். லோடு ஒன்றரை நிமிஷம், அன்லோடு ஆறு நிமிஷம் என்றால் 20. பத்துக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். பலர் செய்யும் தவறு, ஒவ்வொரு இயந்திரத்தின் வால்வையும் மூடிவிட்டு அளப்பது. அதிகம் கசிவது ஹோஸிலும் கப்ளிங்கிலும்; வால்வு மூடினால் அதுவும் கணக்கிலிருந்து தப்பிவிடும். வேகம் தானாக மாறும் வி.எஃப்.டி. கம்ப்ரஸருக்கு இந்த முறை சரிவராது.

சோப்புத் தண்ணீர் தடவி இடத்தைக் கண்டுபிடித்து, எண் போட்ட சிவப்புச் சீட்டைக் கட்டுங்கள். கிளிப்பை மாற்றிய பிறகே அவிழ்க்கவேண்டும். மூன்று மாதத்தில் கசிவு திரும்ப வரும், அளவையும் திரும்பச் செய்யுங்கள்.

கேள்வி: லாரித் தண்ணீர் வாங்கும் வாடகைக் கட்டடம். ஏ.சி. தண்ணீரைப் பிடிக்கலாம், ஆர்.ஓ. கழிவுநீரைப் பயன்படுத்தலாம், குழாய்களை மாற்றலாம் என மூன்று யோசனைகள். எது முதலில்?
– 300 பேர் அலுவலகம், பெருங்குடி

பதில்: குழாய். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, உங்கள் சாலையில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன பிறகு, ஏ.சி. தண்ணீர் யோசனைக்கு மவுசு கூடிவிட்டது. அளவு என்னவோ குறைவுதான்: ஒன்றரை டன் ஏ.சி. நம் ஈரப்பதத்தில் மணிக்கு 1 முதல் 2 லிட்டர் விடும். இருபது ஏ.சி.க்கு நாளெல்லாம் 200 முதல் 400 லிட்டர்.

குழாய்க்குக் கீழே வாளி வைத்து ஒரு நிமிஷம் பிடியுங்கள். 12 லிட்டர் கொட்டுகிற குழாயில் ஏரேட்டர் (நீரோடு காற்றைக் கலந்து விடும், குழாய் வாயில் மாட்டும் சல்லடை மூடி) மாட்டினால் 4 ஆகும். 20 வினாடி கைகழுவலில் 2.7 லிட்டர் மிச்சம். 300 பேர், தினம் நான்கு முறை என்றால் 3,200 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று நான்கு நாளுக்கு ஒருமுறை குறையும். ஆனால் போர்த் தண்ணீரில் உப்பு அடைத்துக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கொருமுறை கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். மேல்தொட்டிக்கு நேர்கீழ் மாடியில் அழுத்தம் போதாமல் சொட்டும். அங்கே மாட்டாதீர்கள்.

இரண்டாவது ஆர்.ஓ. கழிவுநீர். சிறிய இயந்திரங்களில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு 2 முதல் 3 லிட்டர் வெளியே போகும். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற ஆகும். செடிக்கு வேண்டாம், மண்ணில் உப்பு ஏறிவிடும். ஏ.சி. தண்ணீரைக் கடைசியாகப் பாருங்கள், திறந்த வாளியில் மட்டும் தேக்காதீர்கள். கொசு வந்துவிடும்.

கேள்வி: யூனிட் குறைந்திருக்கிறது, பில் அவ்வளவு குறையவில்லையே?
– கணக்காளர், சோழிங்கநல்லூர்

பதில்: உயர் அழுத்த இணைப்பாக இருக்கும். டிமாண்ட் கட்டணம் (யூனிட்டுக்கு அல்லாமல், ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சுமைக்குக் கட்டுவது), பதிவான உச்சம் அல்லது ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்கு. ஒப்பந்தம் 200 கே.வி.ஏ. என்றால், உச்சம் 150-க்கு இறங்கினாலும் 180-க்குக் கட்டுவீர்கள். ஒப்பந்தத்தைக் குறைக்க விண்ணப்பிக்கலாம். மே மாதம் உட்பட 12 மாதப் பில்லைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். வெயில் காலத்தில் மீறினால் அபராதம்.

கேள்வி: சூரிய மின்தகடு கேட்டு நிறையச் சீட்டு. மொட்டைமாடி எங்களுடையது இல்லை. நிராகரிக்கலாமா?
– தி.நகர்

பதில்: நிராகரிக்க வேண்டாம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், சராசரியாகத் தினம் 4 யூனிட் வரும் என்று குறித்து, எதிரே குத்தகை புதுப்பிக்கும் தேதியை எழுதிவையுங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே உரிமையாளரிடம் பேசத் தொடங்குங்கள். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் அவர் அசையமாட்டார்.