அவசர சேவைகளின் வயர்லெஸ்: கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேள்வி பதில்

எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, தீயணைப்புக்காரர்களுக்கு இன்னும் எதற்கு வாக்கி டாக்கி?

போனில் எண்ணைத் தேடணும், மணி அடிக்கணும், எதிர்முனையில் எடுக்கணும். அப்புறமும் கேட்பது ஒருவர்தான். வயர்லெஸ்ஸில் பொத்தானை அழுத்திப் பேசினால் அந்தச் சேனலில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். "பின்பக்கப் படிக்கட்டில் புகை" என்று உள்ளே இருப்பவர் சொன்னதும், ஏணி வண்டி யாரும் சொல்லாமலே இடம் மாறும். பெரிய விபத்தென்றால் செல்போன் கோபுரங்கள் நெரிசலில் திணறுவதும் உண்டு.

அவ்வளவு சின்ன செட் ஊர் முழுக்க எப்படிக் கேட்கிறது?

அதன் சக்தி பெரும்பாலும் 5 வாட்தான். உயரத்தில் இருக்கும் ரிப்பீட்டர் அதை ஒரு அலைவரிசையில் வாங்கி, இன்னொன்றில் கூடுதல் சக்தியோடு திருப்பி அனுப்புகிறது.

பெரிய கட்டடத்துக்குள் போனால் ஏன் தொடர்பு அறுந்துபோகிறது?

கான்கிரீட்டும் இரும்பும் அலையை விழுங்கிவிடும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்கள் பலருக்கு வெளியேறச் சொன்ன உத்தரவு வயர்லெஸ்ஸில் எட்டவே இல்லை. அன்று அந்தத் துறை 343 பேரை இழந்தது. வயர்லெஸ் மட்டுமே காரணம் இல்லை. ஆனாலும் இன்றுவரை என் மனசு ஆறவில்லை. உள்ளே போகும் குழு ரிப்பீட்டரை நம்பாமல் செட்டுக்குச் செட் நேராகப் பேசும் சேனலுக்கு மாறிக்கொள்வது நல்லது. கட்டடத்துக்குள்ளேயே ஆன்டெனா பொருத்துவது இன்னும் நல்லது.

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நான் பேசும் முதல் வார்த்தை யாருக்கும் கேட்பதில்லை என்கிறார்கள்.

அழுத்தியதும் பேசிவிடுகிறீர்கள். ரிப்பீட்டர் விழித்துக்கொள்ள ஒரு நொடி விடுங்கள். பல குழுக்கள் சில சேனல்களைப் பகிர்ந்துகொள்ளும் டிரங்கிங் முறையில், கணினி காலியான சேனலை ஒதுக்கிய பிறகு 'பீப்' வரும், அதுவரை பொறுங்கள்.

முடிவில் அவசரப்பட்டுக் கையை எடுப்பது அதைவிட ஆபத்து. தமிழில் 'இல்லை', 'வேண்டாம்' எல்லாம் கடைசியில்தானே வரும்! ஒருமுறை "மேல் மாடியில் ஆள் இல்லை" என்றது எனக்கு "மேல் மாடியில் ஆள்" என்று வந்து நின்றது. திருப்பிச் சொல்ல வைத்ததால் புகைக்குள் வீணாக யாரையும் அனுப்பாமல் தப்பித்தோம். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் வழக்கத்தை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால்?

சாதாரண எஃப்எம் செட்டில் வலுவான அலை மற்றதை அமுக்கிவிடும், இல்லையென்றால் வெறும் இரைச்சல்தான். ஆபத்தில் இருப்பவரின் குரலும் அப்படி அமுங்கிப்போகலாம். அதற்காகவும்தான் பல செட்டுகளில் ஆரஞ்சு நிற அவசரப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அது யாருடைய செட் என்று எங்கள் திரையில் தெரியும். பல அமைப்புகளில் மைக்கும் தானாகத் திறந்துகொள்ளும்.