தேன் விற்க விசிட்டிங் கார்டு கொடுத்தும் யாரும் அழைப்பதில்லை

கடைக்காரர்கள் அழைப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். கார்டு கொடுத்த இரண்டு நாளுக்குள் நீங்களே அழையுங்கள்.

மார்த்தாண்டம் தேன் என்று சொல்லி நிறுத்திவிடுகிறீர்கள் போல. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதை எல்லாரும்தான் சொல்கிறார்கள். ஊர்ப் பெயருக்கான சட்ட அங்கீகாரமான புவிசார் குறியீடு வந்தபின் இன்னும் அதிகம். நாகர்கோவில் கடைக்காரருக்குத் தெரிய வேண்டியது ரப்பர் மரத்திலிருந்து கிடைத்த தேனா, பாட்டில் என்ன அளவு, லேபிளில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (உணவுப் பாதுகாப்பு) எண் உண்டா என்பதுதான்.

கடைசியாகச் சந்தித்த பத்துப் பேரை நோட்டில் எழுதிப் பாருங்கள். அவர்களுடைய ஃபோன் எண்ணும், அவர்கள் கேட்ட விஷயமும் இருக்கிறதா? பாதி காலி என்றால் கோளாறு அங்கேதான். அப்புறம், கடையில் கூட்டம் குறையும் மதியம் மூன்று மணிக்குத் தினமும் இரண்டு பேரை அழையுங்கள்.

ரப்பர் தளிர்விட்டுத் தேன் எடுக்கும் மாதங்களில் இது தடுமாறும். அப்போது ஓர் அழைப்பு போதும், முழுதாக விட்டுவிடாதீர்கள்.