அப்பாவின் ரா ஃபைல்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

என் அப்பா திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாண வேலை போக மிச்ச நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவைகள் வரும் கூந்தன்குளம், கோயில் ஓவியங்கள் உள்ள திருப்புடைமருதூர் என்று கிளம்பிவிடுவார். அவர் இப்போது இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பரணில் கிடந்ததால் ஒரு ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. அதில் சி.ஆர்.டபிள்யூ., என்.இ.எஃப். என்று முடியும் ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. என் லேப்டாப்பில் ஒன்றும் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் கடைத் தம்பி, "எல்லாத்தையும் ஜேபெக்கா மாத்திட்டு இதை அழிச்சிருங்கக்கா, இடம் மிச்சம்" என்கிறார். இன்னொருவர் டி.என்.ஜி.யாக மாற்றச் சொல்கிறார். எதைக் கேட்பது? படங்களைப் பற்றி அப்பா குறித்துவைத்த நோட்டு ஒன்றும் கையில் இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

கடைத் தம்பி நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார். ஆனாலும் டிஸ்க்கை அவர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். எதையும் அழிக்கவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பழைய கட்டுரைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. 1998-இல் பாளையங்கோட்டையில் ஒரு டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு கட்டுரைகள் அடித்து வாங்கினேன். ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். சென்டரை மூடிவிட்டார்கள், அவர்கள் வைத்திருந்த எழுத்துருவும் அவர்களோடு போயிற்று. பிறகு எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாகப் புழுதி மாதிரி ஏதோ வந்தது. ஃபைலில் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. எந்த எண் எந்தத் தமிழ் எழுத்து என்கிற அட்டவணைதான் இல்லை. ஆளுக்கொரு அட்டவணை வைத்திருந்த காலம் அது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு பொது அட்டவணைகளைக் கொண்டுவந்தது. 2010-இல்தான் எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு அட்டவணைக்கு வந்து சேர்ந்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலைத் திறந்து திகைத்தவர்களுக்கு உங்கள் பிரச்சினையை விளக்கவே வேண்டாம். உங்களிடம் உள்ள சி.ஆர்.டபிள்யூ. (கேனான்), என்.இ.எஃப். (நிக்கான்) எல்லாம் ரா ஃபைல்கள். அவற்றுக்கும் அதே வியாதிதான்.

கேமராவுக்குள் இருக்கும் சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவுதான் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு வடிகட்டியை வைக்கிறார்கள். பாதிப் புள்ளிகள் பச்சை. சிவப்பும் நீலமும் தலா கால்வாசி. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. ரா என்பது அந்தப் புள்ளிகள் சொன்ன எண்கள், சமைக்காமல், அப்படியே. அப்பா காலத்துக் கேமராக்களில் ஒரு புள்ளிக்கு 4,096 வெளிச்சப் படிகள் இருந்திருக்கும், பின்னால் வந்தவற்றில் 16,384. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீங்கள் திருப்புடைமருதூர் என்று எழுதியிருப்பதால். கடனாநதி தாமிரபரணியோடு கலக்கிற அந்த ஊரில், நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் அடுக்கடுக்காக ஓவியங்கள் இருக்கின்றன. உள்ளே வெளிச்சம் குறைவு, மூலைகளில் இருட்டு. ஜேபெக்கில் அந்த மூலை கறுப்புதான். ராவில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தால் குதிரையின் கால் தெரியும், ஈட்டி தெரியும். சுவரில் இருக்கும் அந்தக் காவிச் சிவப்பு உண்மையில் எந்தச் சிவப்பு என்று பிறகு ஒருவர் ஆராய வேண்டுமானாலும் ராவிடம்தான் வர வேண்டும். ஜேபெக்கில் அதைக் கேமராவே முடிவு செய்திருக்கும்.

ஆனால் அந்த எண்களை எப்படி அடுக்கியிருக்கிறோம் என்பதைக் கேமரா கம்பெனிகள் வெளியே சொல்வதில்லை. கேனானிலேயே சி.ஆர்.டபிள்யூ. போய் சி.ஆர்.2 வந்தது, 2018-இல் சி.ஆர்.3 வந்தது. நிக்கான் சில கேமராக்களில் ஒயிட் பேலன்ஸ் எண்களை, அதாவது எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று பார்த்து நிறத்தைச் சரிசெய்யும் எண்களை, பூட்டியே வைத்திருப்பது 2005-இல் தெரிய வந்து பெரிய சத்தமாயிற்று. நம் காவிச் சிவப்பு எந்தச் சிவப்பு என்று சொல்லும் எண்கள் அவை! படம் எடுத்தவருடைய படம், அதற்குச் சாவி இன்னொருவரிடம். டேவ் காஃபின் என்ற அமெரிக்க நிரலர் 1997-இலிருந்து இந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகக் குடைந்து, டி.சி.ரா என்ற நிரலை எழுதி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அந்தப் பூட்டையும் உடைத்தார். இன்றைக்குப் பழைய ரா ஃபைல்களைத் திறக்கிற பல மென்பொருள்களுக்கு உள்ளே அவருடைய உழைப்பு இருக்கிறது. கம்பெனிகள் மூடியதைத் தனி ஆள் ஒருவர் திறந்து வைத்தார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

டி.என்.ஜி. 2004 செப்டம்பரில் அடோபி வெளியிட்ட வடிவம். டிஃப் என்ற பழைய, நன்றாகத் தெரிந்த வடிவத்தின் மேல் கட்டியது. அதன் விவரக் குறிப்பு பொதுவில் கிடைக்கிறது. யாரும் காசு கொடுக்காமல் அதைப் படிக்கவும் எழுதவும் நிரல் செய்யலாம். முக்கியமான சங்கதி, அந்தக் கேமராவின் நிறத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான எண்கள் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். என் ஃபிளாப்பியில் இல்லாத அட்டவணை இதில் கூடவே வருகிறது. லைக்கா, பென்டாக்ஸ் நேரடியாகவே இதில் எழுதுகின்றன. ஐஃபோனின் ரா வடிவமான புரோரா கூட டி.என்.ஜி.தான். கேனானும் நிக்கானும் சோனியும் தங்கள் வழியிலேயே நிற்கின்றன. இதுவும் ஒரு கம்பெனியின் வடிவம்தானே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் குறிப்பு வெளியே வந்துவிட்டது. நாளைக்கு அந்தக் கம்பெனியே இல்லாமல் போனாலும் யாரோ ஒருவர் அதைப் படித்துப் புதிதாக எழுதலாம்.

சரி, என்ன செய்வது? முதலில் டிஸ்க்கை அப்படியே இரண்டு காப்பி எடுங்கள். பழைய டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் மேற்கொண்டு ஓட்டாமல் நிறுத்திவிட்டு, தகவல் மீட்டுத் தருபவர்களிடம் போங்கள். ஒரு காப்பி தாமிரபரணி எட்டாத ஊரில் இருக்கட்டும். வெள்ளத்துக்கு டி.என்.ஜி. என்றும் தெரியாது, ஜேபெக் என்றும் தெரியாது. அப்புறம் அடோபியின் டி.என்.ஜி. கன்வர்ட்டரை இறக்குங்கள், இலவசம். பத்துப் படத்தை மாற்றி, அடோபிக்குச் சம்பந்தமில்லாத ராதெரபி போன்ற மென்பொருளில் திறந்து பாருங்கள். சரியாக வந்தால் மிச்சத்தையும் மாற்றலாம். அளவைக் குறைக்கிறேன் என்று தகவலைக் கொஞ்சம் கழித்துவிடும் 'லாஸி' தேர்வு ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஒரிஜினலை உள்ளேயே பொதிந்துவைக்கும் தேர்வும் உண்டு. ஃபைல் பெரிதாகும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை, ஒரிஜினலைத் தனியாகவே வைக்கிறேன். கம்பெனி தனக்கென்று எழுதிய ரகசியக் குறிப்புகள் சில மாற்றும்போது அர்த்தமில்லாமல் போகலாம். அதனால் டி.என்.ஜி. வந்த பிறகும் அப்பாவின் ஃபைல் இருக்கட்டும். 2018-இல் தாமிரபரணி புஷ்கர நீராட்டு விழாவின்போது குறுக்குத்துறையில் எடுத்த படங்களை நான் ஜேபெக்காக்கிவிட்டு ராவை அழித்தேன். படித்துறை முழுக்க வெள்ளை வேட்டி, ஒன்றில்கூட மடிப்பு தெரியவில்லை. வெறும் வெள்ளை. இழுத்து எடுக்க அடியில் ஒன்றுமில்லை. இடம் மிச்சம் என்று அன்றைக்கு நானும்தான் சொன்னேன்.

ஜேபெக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லாரும் பார்க்க அதுதான் வசதி.

கடைசியாக அந்த நோட்டு. எந்தப் படம் எந்த அடுக்கு, எந்தச் சுவர், கூந்தன்குளத்தில் எந்த மாசம் என்பதையெல்லாம் சாயங்காலம் பத்துப் படமாக டி.என்.ஜி.க்குள்ளேயே அடித்துவிடுங்கள். விவரம் எழுத அதில் இடம் உண்டு. அப்பா எழுதிய வார்த்தையிலேயே, தமிழிலேயே அடிக்கலாம், யூனிகோடுதான். முடித்ததும் கோபுரத்துப் படம் ஒன்றை அனுப்புங்கள், இருட்டு மூலை உள்ளதாகப் பார்த்து.

அன்புடன்,
அண்ணாச்சி