பச்சைக் கறி தின்னும் நாய்க்கு டானிக் வேண்டுமா?

கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடார் குட்டிக்கு ஐந்து மாதம். அரிசிச்சோறு நாய்க்கு ஆகாது என்று பலரும் சொன்னதால், தினமும் ஒரு கிலோ எலும்பில்லாத கோழிக்கறியைப் பச்சையாகவே கொடுக்கிறோம். சில நாட்களாக முன்னங்கால்கள் வளைந்தாற்போல் தெரிகின்றன. மாடிப்படி ஏற மறுக்கிறது, தூக்கினால் கத்துகிறது. மருந்துக்கடையில் கால்சியம் சிரப் கொடுத்தார்கள். அது போதுமா, வேறு சத்து மருந்தும் வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சிரப்பை மூடி வையுங்கள் அம்மா. முதலில் குட்டியைக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை படியில் ஏற்றாதீர்கள், சோபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள். எலும்பு மெலிந்த குட்டிக்கு அந்த ஒரு குதி போதும், கால் முறிய.

நீங்கள் கறியைப் பச்சையாகக் கொடுத்ததால் வந்த வினை அல்ல இது; எலும்பை நீக்கிக் கொடுத்ததால் வந்திருக்கக்கூடியது. அதே கறியை வேகவைத்துக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான். 100 கிராம் எலும்பில்லாத கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. கால்சியமோ 10 மில்லிகிராம் இருந்தால் பெரிது. நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸை விடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். உங்கள் குட்டியின் வயதுக்கு நாளொன்றுக்கு 3 கிராமுக்குக் குறையாமல் கால்சியம் தேவை. நீங்கள் போடும் ஒரு கிலோ கறியில் கிடைப்பது அதில் முப்பதில் ஒரு பங்கு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும் என்பதால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து அந்தக் கணக்கை நேர்செய்கிறது. வெளியே குட்டி கொழுகொழுவென்று இருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு நிழல் போல வெளிறித் தெரியும்.

அப்படியானால் சிரப்பை ஏன் மூடச் சொல்கிறேன்? ஒன்று, சந்தையில் விற்கும் சிரப்புகள் பலவற்றில் கால்சியத்தோடு பாஸ்பரஸும் சேர்ந்தே இருக்கிறது. ஏற்கெனவே மிகையாக இருப்பதை மேலும் ஊற்றுவானேன்? பாட்டிலில் சிரிக்கும் நாயின் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். இரண்டு, பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. அளவுக்கு மிஞ்சினாலும் எலும்பு வளர்ச்சி கெட்டுக் கால் வளையும். குறைவுக்கும் மிகுதிக்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோல இருப்பதால் கண்ணால் பார்த்து மருந்து கொடுக்க முடியாது. குட்டியை எடை போட்டு, தின்னும் உணவைக் கணக்கிட்டு, மருத்துவர் சொல்லும் அளவில்தான் கால்சியம் கொடுக்க வேண்டும். இந்த வயதில் குட்டிகளுக்கென்றே தயாரித்த முழுச்சத்து உணவுக்கு மாறிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் அழுத்திச் சொல்வேன்: பச்சைக் கோழியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி, நாயின் நாக்கு வழியாகக் குழந்தையின் கைக்கு வந்துவிடும். ஃப்ரீசரில் வைத்தாலும் அது சாவதில்லை.

கேள்வி: என் ராஜபாளையம் நாய்க்கு நான்கு வயது. பச்சைக் கோழிக் கழுத்து, கால், கொஞ்சம் ஈரல் கொடுக்கிறேன். கால்சியம், மீன் எண்ணெய், மல்டிவைட்டமின் எல்லாம் வாங்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், விருதுநகர்

பதில்: எலும்போடு தின்கிற நாய்க்குக் கால்சியம் தனியாக வேண்டாம் தம்பி. மலம் வெள்ளையாய்ச் சுண்ணாம்புபோல உதிர்ந்தால் எலும்பு அதிகமாகிவிட்டது என்று பொருள், சதைக்கறியைக் கூட்டுங்கள். பிரியாணியில் வெந்த எலும்பை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள், ஊசியாகச் சிதறிக் குடலைக் குத்தும்.

நீங்கள் போடும் தீனியில் உண்மையில் குறைபவை வைட்டமின் டி, வைட்டமின் ஈ, அயோடின், துத்தநாகம். வெயிலில் படுத்துக் கிடந்தால் நமக்குக் கிடைப்பதுபோல நாய்க்கு வைட்டமின் டி கிடைக்காது, உணவில்தான் வர வேண்டும். வாரம் இரண்டு முறை மத்தி மீனை உப்பு, மிளகாய் இல்லாமல் வேகவைத்துக் கொடுங்கள். டி, ஒமேகா-3, அயோடின் மூன்றும் ஓரளவு வரும். பச்சையாக வேண்டாம், மத்தி இனத்து மீன்கள் சிலவற்றில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி உண்டு, வெந்தால் அது அழிந்துவிடும். மற்ற இரண்டுக்கும் உங்கள் மருத்துவர் எழுதித் தரும் ஒரு மாத்திரை போதும். ஈரல் மொத்தத் தீனியில் இருபதில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஈரலும் கொடுத்து, காட் லிவர் எண்ணெயும் (காட் மீனின் ஈரல் எண்ணெய்) ஊற்றினால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும். வைட்டமின் சி விற்க வந்தால் திருப்பி அனுப்புங்கள். நாய் தன் கல்லீரலிலேயே அதைத் தயாரித்துக்கொள்கிறது.

கேள்வி: கறிக்கடையில் ஆட்டு நுரையீரல், மண்ணீரல் சும்மா கிடைக்கிறது. பச்சையாகக் கொடுக்கலாமா? இதில் எல்லாச் சத்தும் இருப்பதாகச் சொல்கிறார்களே?
– வாசகர், ஆம்பூர்

பதில்: சத்து இருக்கிறது, கூடவே ஹைடாடிட் கட்டியும் இருக்கலாம். ஆட்டின் நுரையீரலிலும் கல்லீரலிலும் நீர்க்கட்டியாய்த் தங்கியிருக்கும் அது நாயின் குடலில் நாடாப்புழுவாகிறது. அதன் முட்டை மலத்தோடு வெளியேறி, நாயின் ரோமத்தில் ஒட்டி, நம் வாய்க்கு வந்தால் நம் கல்லீரலில் கட்டி வளரும். அறுவை சிகிச்சை வரை போக நேரிடும். நன்றாக வேகவைத்த பிறகு கொடுங்கள். இதுவரை பச்சையாகத் தின்றிருந்தால் பிராசிகுவான்டல் அடங்கிய மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, நாயின் எடைக்கேற்பக் கொடுங்கள். எல்லாக் குடற்புழு மருந்தும் நாடாப்புழுவைக் கொல்லாது.