கேஸ் மாத்திரையை நிறுத்தினீர்கள், சரி, வலி மாத்திரையை?

கேள்வி: எனக்கு வயது 56. மூன்று வருடமாக ஏப்பம், நெஞ்செரிச்சல், வாயு முதுகில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. நாக்கில் வெள்ளையாகப் படிகிறது. முடி கொட்டுகிறது. முழங்கால் வலிக்கு எட்டு மாதமாக மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். கூடவே பான்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரையும் போட்டு வந்தேன். அதனால் கிட்னி போகும், கேன்சர் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். இரண்டு மாதமாகச் சீரகத் தண்ணீரும் முட்டைக்கோஸ் சாறும்தான். என் அப்பா 61 வயதில் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். எண்டோஸ்கோபி எடுக்கச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அல்சர் எதனால் வருகிறது? காரத்தாலா, நேரத்துக்குச் சாப்பிடாததாலா? மருந்தில்லாமல் குணமாகுமா? போன வாரம் இரண்டு நாள் மலம் கன்னங்கரேலென்று ஒட்டிக்கொள்கிற மாதிரி போனது. பீட்ரூட் சாப்பிட்டதாலா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயதாகிவிட்டது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பீட்ரூட் இல்லை அம்மா. பீட்ரூட் சாப்பிட்டால் மறுநாள் சிவப்பாகப் போகும். சிலருக்குச் சிறுநீர்கூட ரோஸ் நிறத்தில் வரும். கன்னங்கரேலென்று, தார் மாதிரி, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ரத்தம். இரைப்பையிலோ அதை ஒட்டிய முன்சிறுகுடலிலோ கசிந்து, வழியெல்லாம் செரித்துக் கறுத்துப்போன ரத்தம். நாற்றமும் வழக்கமானதாக இருந்திருக்காது. பழகிய நர்ஸ் வார்டு வாசலில் நின்றே சொல்லிவிடுவார்.

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்லித் தகவல் அனுப்பச் செய்தேன். இதற்கெல்லாம் பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது. இருந்தாலும் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இதே வரியைக் கடிதத்தின் அடியில் ஒளித்து வைப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல. ஏப்பம் முதல் வரியில் வருகிறது. ரத்தம் கடைசியில், பீட்ரூட்டோடு சேர்ந்து வருகிறது.

மலம் தாராகக் கறுக்க ஒரு தம்ளர் ரத்தம்கூட வேண்டாம். 50 முதல் 100 மில்லி உள்ளே கசிந்தாலே போதும். ஆகவே ஒருமுறை கறுத்தாலே ஒருவர் விழுந்துவிடுவார் என்று பொருளில்லை. ஆனால் கசிகிற இடம் எப்போது பீறிடும் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. எழுந்து நின்றால் கண் இருட்டுவது, நெஞ்சு படபடப்பது, காபித்தூள் கரைத்தது போல வாந்தி வருவது, மறுபடி கறுப்பாகப் போவது – இதில் எது வந்தாலும் இரவு 2 மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். ‘திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்பது இதில் செல்லாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும். அது சற்றுப் பச்சை கலந்த கறுப்பு. இப்படி ஒட்டாது, இந்த நாற்றம் இருக்காது. நீங்கள் அப்படி எதுவும் சாப்பிடுவதாக எழுதவில்லை.

மாடிப்படியில் மூச்சு வாங்குவதை வயதின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். 56 ஒரு வயதா? எட்டு மாதமாகச் சொட்டுச் சொட்டாகப் போயிருந்தால் ஹீமோகுளோபின் எந்த அளவில் நிற்கிறதோ தெரியாது. ரத்தத்தில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அப்புறம், அல்சர் எதனால் என்ற கேள்வி. காரத்தால் அல்ல. நேரத்துக்குச் சாப்பிடாததாலும் அல்ல. இருக்கிற புண்ணில் மிளகாய் எரியலாம், ஆனால் புண்ணை உண்டாக்குவது அது இல்லை. பெரும்பாலான அல்சருக்குக் காரணம் இரண்டே இரண்டு: ஒரு கிருமி, வலி மாத்திரை. உங்களிடம் இரண்டாவது நிச்சயமாக இருக்கிறது. முதலாவது இருக்கலாம்.

இரைப்பைச் சுவரைத் தினமும் ஊறுகிற அமிலத்திலிருந்து காப்பது அதன்மேல் படிந்திருக்கும் சளிப் படலமும், சுவருக்குள் ஓடும் நல்ல ரத்த ஓட்டமும். இரண்டையும் சரியாக வைத்திருக்கப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடல் சுரக்கிறது. முழங்காலில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்தான். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் எல்லாம் அந்தச் சுரப்பையே தடுக்கின்றன. முழங்காலுக்கு நிம்மதி, இரைப்பைக்குக் காவல் போயிற்று. ‘சாப்பிட்ட பிறகுதானே போடுகிறேன்’ என்பார்கள். ‘மாத்திரை வேண்டாம், ஊசி போட்டுவிடுங்கள், வயிற்றுக்குப் போகாது’ என்பார்கள். அந்த மருந்து ரத்தத்தின் வழியாகப் போய் இந்த வேலையைச் செய்கிறது; எந்த வாசலில் நுழைந்தாலும் ஒன்றுதான். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. வலி மாத்திரையால் வந்த புண் பல நேரம் வலிக்காது, மாத்திரைதான் வலியை மூடிவிடுகிறதே. முதல் அறிகுறியே கறுப்பு மலமாக இருக்கும்.

இப்போது நீங்கள் செய்ததைப் பாருங்கள். வலி மாத்திரை தின்கிறவர்களின் இரைப்பைக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு தருவது பான்டோபிரசோல். அதை நிறுத்தினீர்கள். புண்ணாக்குகிற மாத்திரையைத் தொடர்ந்தீர்கள். வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மாட்டை மட்டும் கொல்லையிலேயே விட்டது போல ஆயிற்று. அதுவும் கிட்னிக்குப் பயந்து! பான்டோபிரசோல் சிறுநீரகத்தைப் பாதிப்பது உண்டு, ஆனால் அபூர்வம். வருடக்கணக்கில் காரணமில்லாமல் அதை விழுங்குகிறவர்களிடம் நானே நிறுத்தச் சொல்வேன். பி12, மெக்னீசியம் குறையலாம். தினமும் டைக்ளோஃபெனாக் விழுங்குவது சிறுநீரகத்துக்கு அதைவிடப் பெரிய சுமை, ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் இறந்த மாட்டின் இறைச்சி வழியாகப் போய், சிறுநீரகம் செயலிழந்துதான் இந்தியாவின் பாறு கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர் கழுகு இல்லை, உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பயப்படுவதாக இருந்தால் சரியான மாத்திரையைப் பார்த்துப் பயப்படுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கேன்சர் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. ரானிடிடின் என்ற பழைய கேஸ் மாத்திரையில், புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் ஒரு வேதிப்பொருள் கலந்திருப்பதாகத் தெரிந்து, 2020-இல் அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். 2022-இல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது போயிற்று. பான்டோபிரசோல் வேறு மருந்து. வீடியோக்காரருக்கு எல்லாமே கேஸ் மாத்திரை.

செட் மாத்திரை பற்றி: ஒரு மஞ்சள், ஒரு ரோஸ், ஒரு குட்டி வெள்ளை என்று அட்டையிலிருந்து பிய்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பெயர் கிடையாது, தேதி கிடையாது. போட்ட அரை மணியில் வலி பறந்துவிடும், ‘கைராசிக்காரர்’ என்று கடைக்காரருக்குப் பெயர் வேறு. அந்தக் குட்டி வெள்ளை பல நேரம் ஸ்டீராய்டு. வலி மாத்திரையோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசியும் ஆபத்து பல மடங்கு. இப்படித் தின்று முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, ரத்த வாந்தியோடு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்களுடையதில் ஸ்டீராய்டு இருந்திருந்தால் எட்டு மாதத்துக்குப் பிறகு அதைத் திடீரென்று நிறுத்துவதிலும் சிக்கல் உண்டு. உடல் தானாகச் சுரப்பதை மறந்திருக்கும். ஆகவே வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். குட்டி வெள்ளையை என்ன செய்வது என்று உங்களைப் பார்க்கிற மருத்துவர் சொல்லட்டும்.

இனி நீங்கள் உண்மையில் கேட்டது. கடிதத்தில் ஏழெட்டுக் கேள்வி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ‘அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்குமோ?’ எண்டோஸ்கோபி வேண்டாம் என்பதும், குழாயைப் பார்த்து வந்த பயம் இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் சொன்ன கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இரண்டு நாளில் ஆய்வகத்தில் தூக்கி எறிந்துவிடுகிற தட்டுகள், 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் ஐந்து நாள் கிடந்தன. அதில்தான் கிருமி வளர்ந்தது. அப்படியும் யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்து, சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியுமாகப் படுத்து நிரூபித்தார். 2005-இல் இருவருக்கும் நோபல். அதற்கு முந்தைய தலைமுறையில் அல்சர் என்றாலே கத்திதான். நம் ஊர்ப் பெரியவர்கள் சிலரின் வயிற்றில், நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை நேராக ஒரு தழும்பு பார்த்திருப்பீர்கள். அதில் பாதிப்பேருக்காவது இன்று இரண்டு வார மாத்திரை போதுமாயிருந்திருக்கும்.

இந்தக் கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் முக்கியமான காரணம். 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அப்படி அறிவித்துவிட்டது. உடனே பதற வேண்டாம். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் வயிற்றில் இது குடியிருக்கிறது, மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. ஆனால் பெற்றோருக்கு வந்திருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஓரளவு கூடுதல். அதில் மரபணுவுக்கும் பங்குண்டு, ஒரே வீட்டில் ஒரே கிருமியைச் சிறு வயதில் வாங்கிக்கொண்டதற்கும் பங்குண்டு. மரபணுவை மாற்ற முடியாது, கிருமியை ஒழிக்க முடியும். உங்களைப் போல, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்தப் புற்றுநோய் வந்த குடும்பத்தினரைத் தென்கொரியாவில் ஒன்பது வருடம்போலத் தொடர்ந்து பார்த்தார்கள். கிருமிக்கு மருந்து சாப்பிட்டவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது. இரண்டுமே சின்ன எண்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஆக, உங்கள் கறுப்பு மலத்துக்கு மிக நெருங்கிய காரணம் செட் மாத்திரை போட்ட புண், புற்றுநோய் அல்ல. ஆனால் அதை நான் கடிதத்தைப் படித்துச் சொல்லக் கூடாது, கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும். ரத்தம் போயிருக்கிறது, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, அப்பாவின் வரலாறு இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ‘எடுக்கலாமா வேண்டாமா’ என்று யோசிக்க ஒன்றுமில்லை. வெறும் ஏப்பத்தோடு வருகிற 25 வயதுப் பையன் கேட்டால் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

எண்டோஸ்கோபிக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் மரக்கும் மருந்தை அடிப்பார்கள், கசக்கும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுண்டுவிரல் பருமன் குழாயை விழுங்கச் சொல்வார்கள். குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும், மூச்சு அடைக்காது. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சதைத் துணுக்கு எடுத்தால் ‘கேன்சரா டாக்டர்’ என்று நடுங்காதீர்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும் துணுக்குதான் எடுப்பார்கள். எடுப்பது தெரியவே தெரியாது. புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் அதே குழாய் வழியாகவே கிளிப் போட்டோ சூடு வைத்தோ அடைத்துவிடுவார்கள். பணம்தான் தயக்கம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

‘மருந்தில்லாமல்’ என்றீர்களே, ரத்தம் கசிகிற புண்ணுக்கு முட்டைக்கோஸ் சாறு வைத்தியம் அல்ல. சீரகத் தண்ணீர் குடியுங்கள், கெடுதல் இல்லை, அது தண்ணீர். புண் ஆற இரண்டு மாதம்போல பான்டோபிரசோல் வேண்டும், காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். கிருமி இருந்தால் அதோடு பிஸ்மத் என்ற மருந்தும் இரண்டு ஆன்டிபயாடிக்கும் 14 நாள். வாய் கசக்கும், பிஸ்மத்தால் மலமும் கறுக்கும், தார் மாதிரி ஒட்டாதவரை பயப்படாதீர்கள். நாலாம் நாள் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு அடுத்த முறை சாகாது. கண்ட காய்ச்சலுக்கெல்லாம் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தின்று, இந்தியாவில் இந்தக் கிருமி ஏற்கெனவே பல மருந்துக்கு அசைவதில்லை. மருந்தெல்லாம் முடிந்து நாலு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து ஒழிந்ததா என்று பாருங்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரம் கேஸ் மாத்திரை இருக்கக் கூடாது, இருந்தால் முடிவு பொய் சொல்லும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் அதில் வெகுநாள் ‘இருக்கிறது’ என்றே வரும்.

முழங்காலை அப்படியே விட்டால் மறுபடி மெடிக்கல் வாசலில்தான் நிற்பீர்கள். வலி தாங்காத நாளில் பாராசிட்டமால், முட்டியில் தடவ டைக்ளோஃபெனாக் ஜெல். தடவினால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, ஆனாலும் புண் ஆறும்வரை மருத்துவரைக் கேட்டுத் தடவுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள், காலைக்குப் பத்து, மாலைக்குப் பத்து. எடை அதிகமிருந்தால் ஐந்து கிலோ குறைந்தாலே முட்டிக்குத் தெரியும்.

மீதி: நாக்கின் வெள்ளையை வழித்துவிட்டுக் காபி குடியுங்கள். முடி கொட்டுவது ரத்தசோகையால் இருக்கலாம், ஹீமோகுளோபின் ஏறியதும் பார்ப்போம். முதுகில் வாயு போய்ப் பிடிக்காது, அதற்கு அங்கே வழி இல்லை, தசைப்பிடிப்பாக இருக்கலாம். ஆனால் நடக்கும்போது நெஞ்சை இறுக்கி, நின்றால் விடுகிறது என்றால் அது வாயு அல்ல, இதயம். ஒரு இசிஜியும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். செட் மாத்திரைப் பொட்டலம் மீதமிருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் அந்தக் காகிதத்தோடு கொண்டுபோய் மருத்துவர் மேஜையில் வையுங்கள்.